புழுவுக்குத் தனி இலை: கோஸிலும் கீரையிலும் கவர்ச்சிப் பயிர் வைக்கும் முறை

முதல் தடவை கீரைப் பாத்தியைச் சுற்றி ஆமணக்கு ஊன்றியபோது பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வரப்பில் நின்று பார்த்தார். "என்ன தம்பி, விளக்கெண்ணெய் ஆட்டப் போறியா?" என்றார். "இல்லண்ணே, கீரைக்கு வர்ற புழு இதுல ஏறிக்கும்" என்றேன். சிரித்துவிட்டுப் போனார். அவர் சிரித்தது சரிதான். ஒன்றரை மாதத்தில் ஆமணக்கு இலை எல்லாம் சல்லடையாகி நரம்பு மட்டும் நின்றது. அதைத் தின்று முடித்த புழுக்கள் ஒரே இரவில் தண்டைவிட்டு இறங்கித் தண்டுக்கீரைப் பாத்திக்குள் போயிருந்தன. காலையில் கீரை அறுக்கப் போனால் காம்புதான் இருந்தது.

செடி அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. புழுவை இழுத்துக் கொடுத்தது. இழுத்த புழுவை எடுக்க நான் போகவில்லை. கவர்ச்சிப் பயிர் என்றால் வேலிபோல நட்டுவிட்டு மறந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். பந்தியில் புழுவுக்குத் தனி இலை போடுகிறோம், சரி. அது உட்கார்ந்ததும் இலையோடு சுருட்டி எடுத்துக்கொண்டு போவதுதான் மீதி வேலை. அதைச் செய்யாதவர் பூச்சிக்கு நாற்றங்கால் வைத்தவர் ஆகிறார். இரண்டு நாளைக்கு ஒரு முறை தோட்டத்தைச் சுற்றிவர நேரம் இல்லை என்றால் இந்த முறையே வேண்டாம், வலை கட்டிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

முதலில் பூச்சி, அப்புறம் செடி

"பூச்சிக்கு என்ன கவர்ச்சிச் செடி வைக்கலாம்?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்தப் பூச்சி என்று தெரிந்தால்தான் செடி எது என்று சொல்ல முடியும். ஒவ்வொரு அந்துப்பூச்சியும் முட்டையிட ஒரு செடியைத் தேடுகிறது. வாசனை, இலையின் நிறம், இலைப்பரப்பு எல்லாம் பார்த்துத்தான் உட்காரும். நம் பயிரைவிட அதற்குப் பிடித்த செடி ஒன்று இருந்து, அதை நாம் முன்கூட்டியே வளர்த்துத் தயாராக வைத்திருந்தால் அங்கே போகும். இவ்வளவுதான் விஷயம்.

இலைக்காய்கறிகளில் இரண்டு ஜோடிகளை நம்பி இறங்கலாம். முட்டைகோஸ், காலிஃபிளவர், நூல்கோல் இவற்றில் வரும் வைர முதுகு அந்துப்பூச்சிக்குக் கடுகு. கீரை வகைகளில் வரும் புரொடீனியா புழுவுக்கு ஆமணக்கு. புரொடீனியாவைப் புகையிலை வெட்டுப்புழு என்றும் சொல்வார்கள். மற்றதெல்லாம் இவற்றுக்கு அடுத்துதான்.

கோஸுக்குக் கடுகு

வைர முதுகு அந்துப்பூச்சியை மருந்தால் மட்டும் ஜெயித்தவர் யாரும் இல்லை. டிடிடி மருந்துக்கு வயலிலேயே அசையாமல் நின்றது இந்தப் பூச்சி. ஜாவாத் தீவில் 1953-லேயே அது பதிவாகிவிட்டது. பிற்பாடு பாக்டீரியா மருந்தான பிடி (Bt) வந்தபோது, அதற்கும் வயலில் முதலில் பழகிக்கொண்டது இதுதான். 1990-ல் ஹவாயிலிருந்து அந்தச் செய்தி வந்தது. கோஸ் போடும் ஊர்களில் வாரம் ஒரு மருந்து மாற்றி மாற்றி அடித்தும் புழு குறையாததற்குக் காரணம் இதுவே. சூடான காலத்தில் மூன்று வாரத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும். ஒரு கோஸ் பருவத்துக்குள் நான்கு தலைமுறை பார்த்துவிடும். மிச்சம் இருப்பவை எல்லாம் மருந்தைத் தாங்கியவற்றின் பிள்ளைகள்.

பெங்களூரு பக்கம் ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம்தான் நம் மண்ணுக்கு ஏற்ற முறையைக் கொடுத்தது. 25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு. இந்தக் கணக்கு 1991-ல் வெளியானது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 20 வரிசை கோஸுக்கு ஒரு வரிசை கடுகு என்கிறது. எதைப் பின்பற்றினாலும் நல்லதுதான். நான் முதல் முறையில் போகிறேன். காரணம் அந்த இரண்டாவது வரிசை, அதைக் கீழே சொல்கிறேன்.

10 சென்ட் நிலத்துக்குக் கணக்குப் போடுவோம். சதுரமாக எடுத்தால் பக்கத்துக்கு 66 அடி. ஒன்றரை அடி இடைவெளியில் 44 வரிசை வரும். முதல் ஓரத்தில் இரண்டு வரிசை, நடுவில் இரண்டு, கடைசி ஓரத்தில் இரண்டு என ஆறு வரிசை கடுகுக்கு ஒதுக்கினால், மீதி 38 வரிசை கோஸ். நடுக் கடுகுக்கு இரு பக்கமும் 19 வரிசை. ஆறு வரிசை போச்சே என்று மனசு கேட்காது. ஓரத்துக் கடுகை வாய்க்கால் கரையிலும் வரப்பிலும் ஏற்றிவிட்டால் உண்மையில் இழப்பது நடுவில் இருக்கும் இரண்டு வரிசைதான். நடு வரிசையை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

*முதல் வேலை: கடுகு.* தனி ரகம் தேடி அலைய வேண்டாம். அஞ்சறைப் பெட்டிக் கடுகே போதும். பத்து விதையை ஈரத்துணியில் மூன்று நாள் வைத்துப் பாருங்கள், ஏழெட்டு முளைத்தால் சரி. ஆறு வரிசைக்கும் சேர்த்து 50 கிராம் தாராளம்.

*இரண்டாவது: நாள் கணக்கு.* இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். கோஸ் நாற்றை எடுத்து நடுவதற்கு 15 நாள் முன்பே ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு வரிசைக் கடுகு விதைத்துவிட வேண்டும். நாற்றங்காலில் கோஸ் மூன்றாம் இலை விடும் சமயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோஸ் நடவு வயலுக்கு வரும்போது கடுகு நாலைந்து இலையோடு நிற்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் போனால் பயனில்லை. கடுகு முளைத்து வருவதற்குள் அந்துப்பூச்சி கோஸில் முட்டையிட்டிருக்கும்.

ஜோடியின் இரண்டாவது வரிசையை, கோஸ் நட்ட 25-ஆம் நாள் விதைக்க வேண்டும். முதல் வரிசைக் கடுகு 40 நாளில் பூவெடுத்து, இலை முற்றி, அந்துப்பூச்சிக்குச் சலித்துப்போகும். கோஸ் குருத்துச் சுருட்டித் தலை கட்டும் நேரமும் அதுவே. இந்தச் சமயத்தில் புழு உள்ளே போய்விட்டால் வெளியிலிருந்து ஒன்றும் செய்ய முடியாது. அப்போது இளசான கடுகு வேறு ஒன்று தயாராக இருக்க வேண்டும். ஒரே ஒரு முறை விதைத்துவிட்டு "கடுகு வெச்சேன், பலிக்கல" என்பவர்கள் தவறவிடுவது இந்த இரண்டாம் விதைப்பைத்தான்.

*மூன்றாவது: பார்ப்பது.* நட்ட பத்தாம் நாளிலிருந்து இரண்டு நாளைக்கு ஒரு தடவை, வெயில் ஏறும் முன். கடுகு இலையைத் திருப்பிப் பாருங்கள். நரம்போரத்தில் வெளிர் மஞ்சளாக, ஊசி முனை அளவு முட்டை ஒன்றிரண்டாக இருக்கும். கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. புழுவின் வேலை தெரியும். இலையின் அடிப்பச்சையைச் சுரண்டித் தின்றுவிட்டு மேல்தோலை மட்டும் விட்டுவைக்கும். கண்ணாடித்தாள் ஒட்டிய சின்ன ஜன்னல்கள்போல வெளிச்சத்தில் தெரியும். புழு வெளிர் பச்சை, இரண்டு முனையும் ஒடுங்கி இருக்கும். விரலால் தொட்டால் பின்னால் துள்ளிக்கொண்டு, ஒரு மெல்லிய நூலில் கீழே இறங்கித் தொங்கும். கொஞ்ச நேரம் கழித்து அதே நூலைப் பிடித்து மேலே ஏறிவிடும். தொட்டதும் இந்த நடனம் ஆடினால் அது வைர முதுகுதான், சந்தேகம் வேண்டாம். அந்துப்பூச்சி சிறகை மடித்து உட்காரும்போது முதுகில் மூன்று வைரக் கட்டம் வரிசையாகத் தெரியும், பெயர் அதனால்தான் வந்தது.

*நான்காவது: எடுப்பது.* அது நூலில் இறங்கும் பழக்கமே நமக்கு வசதி. ஒரு கையில் முறத்தைக் கடுகுச் செடிக்கு அடியில் நீட்டிப் பிடியுங்கள். மறு கையால் தண்டை நான்கு தட்டுத் தட்டுங்கள். புழு நூலோடு முறத்தில் விழும். உடனே சோப்புத் தண்ணீர் வாளியில் கொட்டிவிட வேண்டும், நின்று எண்ணிக்கொண்டிருந்தால் ஏறி வந்துவிடும். 10 சென்ட் கடுகுக்கு எனக்கு அரை மணி நேரம் ஆகும். தட்டியும் விழாத கூட்டுப்புழுக்கள் இலையடியில் வலைபோன்ற கூட்டுக்குள் இருக்கும். அந்த இலையைக் கிள்ளி வாளியில் போடுங்கள்.

எல்லா வெள்ளைக் கூட்டையும் கிள்ளிவிடாதீர்கள். வைர முதுகின் கூடு வலைத்துணி மாதிரி, உள்ளே பச்சைக் கூட்டுப்புழு தெரியும். நொய்யரிசி அளவில், உள்ளே ஒன்றும் தெரியாமல், பஞ்சுபோலக் கெட்டியாக வெள்ளையாக இருந்தால் அது கொட்டேசியா என்ற ஒட்டுண்ணிக் குளவியின் கூடு. வைர முதுகுப் புழுவின் உடம்புக்குள்ளேயே வளர்ந்து அதைக் கொன்றுவிட்டு வெளியே வந்தது. சமவெளியில் நமக்கு உதவும் குளவி இதுதான். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் டயாடெக்மா என்ற இன்னொரு குளவி இதே வேலையைச் செய்கிறது. கொட்டேசியா கூடு உள்ள இலையை அப்படியே விட்டுவிடுங்கள். முதல் வருஷம் இது தெரியாமல் நான் கிள்ளி எறிந்த வெள்ளைக் கூடுகளை நினைத்தால் இப்போதும் வயிற்றெரிச்சல்தான்.

*ஐந்தாவது: பிடுங்குவது.* பூவெடுத்து முடிந்த முதல் வரிசைக் கடுகை, கோஸ் நட்ட 40 அல்லது 45-ஆம் நாள் வேரோடு எடுத்துவிடுங்கள். வரப்பில் குவிக்கக் கூடாது. செடி வாடினால் புழு பசியோடு கிளம்பிப் பக்கத்துக் கோஸுக்குத்தான் போகும். சாக்கில் அல்லது கறுப்புப் பிளாஸ்டிக் பையில் அடைத்து வாய் கட்டி இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டுவிட்டு, அப்புறம் எருக்குழியில் தள்ளுங்கள். கோழி வளர்ப்பவர்களுக்கு இந்தச் சிரமம்கூட இல்லை.

வரிசைக்கு நாலைந்து செடியை மட்டும் பூவோடு இன்னும் கொஞ்ச நாள் விட்டுவைப்பது என் பழக்கம். குளவிகளும் மிதவை ஈக்களும் அந்தப் பூத்தேனுக்கு வரும். அந்தச் செடிகளில் அசுவினி அடையாகப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடுகு அசுவினி கோஸுக்கும் தாவும். நுனியில் பிடித்ததும் நுனியைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். ஆரஞ்சும் கறுப்புமாகக் கோலம் போட்டது போன்ற நாவாய்ப்பூச்சியும் கடுகுக்கு வரும். அதை விடிகாலைக் குளிரில் பிடிப்பது சுலபம். அப்போது பறக்காது, தட்டினால் வாளியில் விழும்.

மருந்து எங்கே, எங்கே கூடாது

இது பலர் தலைகீழாகச் செய்வது. வேப்பங்கொட்டைக் கரைசலைக் கடுகுக்கு அடிக்கிறார்கள், புழு அங்கேதானே அதிகம் என்று. வேம்பின் வாசனை அந்துப்பூச்சியை முட்டையிட விடாமல் விரட்டும். இழுக்க வேண்டிய செடியில் விரட்டும் மருந்தை அடித்தால் பூச்சி எங்கே போகும்? கோஸுக்குத்தான். ஆகவே வேம்பு கோஸுக்கு மட்டும். கோஸ் தள்ளிவிட வேண்டும், கடுகு இழுத்துக்கொள்ள வேண்டும்.

ஹெசரகட்டா முறையிலும் இதே ஏற்பாடுதான். கோஸுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் தலை கட்டும் பருவத்தில் இரண்டு மூன்று முறை. கடுகுக்கு மட்டும் டைக்குளோர்வாஸ் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். பழைய துண்டுப் பிரசுரங்களில் இன்னும் அந்தப் பெயரைப் பார்க்கலாம். அதைத் தேடிப் போகாதீர்கள், 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் அதற்குத் தடை. அந்த இடத்தில்தான் முறமும் வாளியும் வருகின்றன.

வேப்பங்கொட்டைக் கரைசலைப் பத்து லிட்டர் டேங்குக்கு இப்படித் தயாரிக்கிறேன். நிழலில் காய்ந்த வேப்பங்கொட்டையின் ஓட்டை நீக்கி, பருப்பு 500 கிராம் எடுத்து இடிக்க வேண்டும். மாவாக வேண்டாம், ரவைப் பதம் போதும். மூன்று மாதத்துக்கு மேல், எட்டு மாதத்துக்குள் இருக்கும் கொட்டை நல்லது. மெல்லிய துணியில் மூட்டை கட்டி ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் மூட்டையைப் பிழிந்து பிழிந்து எடுத்தால் தண்ணீர் பால்போல ஆகும். மூட்டையிலிருந்து தெளிவாகத் தண்ணீர் வரும்வரை பிழிய வேண்டும். பத்து லிட்டராக நிரப்பி, கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தால் இலையில் ஒட்டும். கோஸ் இலை மெழுகு இலை, சோப்பு இல்லாவிட்டால் உருண்டு ஓடிவிடும். சாயங்காலம் அடிக்க வேண்டும், அன்றே தீர்த்துவிட வேண்டும். 10 சென்ட்டுக்கு இரண்டு டேங்க் பிடிக்கும்.

இவ்வளவும் செய்து கோஸில் சராசரியாகச் செடிக்கு இரண்டு புழுவுக்கு மேல் இருந்தால் பிடி மருந்து லிட்டருக்கு 2 கிராம், அதுவும் சாயங்காலம், இலையின் அடிப்புறம் நனைய. கடுகில் எத்தனை புழு இருந்தாலும் அதற்காக பிடி அடிக்காதீர்கள். கடுகில் புழு நிறைய இருப்பது நல்ல செய்தி.

கீரைக்கு ஆமணக்கு

சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை, பாலக் என்று வாரம் ஒரு பாத்தி விதைத்து வாரம் ஒரு பாத்தி அறுப்பவர்களுக்குக் கடுகு மாதிரி நாள் கணக்கு வைக்க முடியாது. கீரை 25 நாளில் கையைவிட்டுப் போய்விடும். ஆகவே ஆமணக்கு ஓரத்தில் வருஷம் முழுவதும் நிற்க வேண்டும். விதைத்து ஒரு மாதமானால் உள்ளங்கை அகலத்துக்கு இலை வரும், அதற்கு அப்புறம் கீரை விதையுங்கள். எட்டு, பத்து அடிக்கு ஒரு செடி போதும். நெருக்கமாக வைத்தால் நிழல் விழும், பார்க்கவும் முடியாது. மார்பு உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். எட்டாத உயரத்தில் இருக்கும் இலையில் போடப்பட்ட முட்டை உங்களுக்கு உதவாது. பக்கக் கிளை வெடித்து இளம் இலை வந்துகொண்டே இருக்கும்.

புரொடீனியா தாய்ப்பூச்சி இரவில் வந்து இலையடியில் முட்டைகளைக் குவியலாக இடும். ஒரு குவியலில் இருநூறு முந்நூறு இருக்கும். அதன்மேல் தன் உடம்பின் மயிரையே உதிர்த்துப் போர்த்திவிடும். பார்த்தால் பழுப்புக் கம்பளித் துணுக்கு ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரியும், 25 பைசா நாணயத்தைவிடச் சின்னது. மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும். பொரிந்த குஞ்சுகள் முதல் சில நாள் பிரியாமல் அதே இலையில் கூட்டமாக நின்று பச்சையைச் சுரண்டும். ஒரு இலை மட்டும் தூரத்திலிருந்தே வெள்ளையாகச் சல்லடைபோலத் தெரியும். இந்த நாலைந்து நாள்தான் நமக்குக் கிடைக்கும் நேரம். அந்த ஒரு இலையைக் கிள்ளினால் முந்நூறு புழு ஒழிந்தது. தவறவிட்டால் முந்நூறும் பிரிந்து, கொஞ்சம் பெருத்ததும் பகலில் மண்ணுக்குள் ஒளிந்து இரவில் மேயும். அப்புறம் டார்ச் அடித்துத் தேடினாலும் பத்தில் இரண்டுதான் கிடைக்கும். எனக்கு அந்த முதல் வருஷம் நடந்தது இதுதான்.

இலையைக் கிள்ளும் விதத்திலும் ஒரு பக்குவம் உண்டு. காம்பைச் சட்டென்று ஒடித்தால் அதிர்ச்சியில் குஞ்சுகள் உதிரும். முதலில் வாளியை அடியில் கொண்டுபோய், அப்புறம் கத்தரியால் காம்பை வெட்டி இலையை வாளிக்குள்ளேயே விழவிடுங்கள்.

ஆமணக்கில் இன்னொரு புழுவும் வரும், காவடிப்புழு. முதுகை வளைத்துத் தூக்கிக் காவடிபோல நடக்கும். அது முக்கியமாக ஆமணக்குக்கே உரிய புழு, கீரைக்கு அதனால் பயமில்லை. பயந்துபோய் மருந்தடிக்க வேண்டாம். ஆமணக்கே மொட்டையாகும் அளவுக்குப் போனால் மட்டும் பொறுக்கிப் போடுங்கள்.

ஆமணக்கு விதை விஷம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், ஆடு மாடு மேய வரும் இடமாக இருந்தால், பூங்குலை வந்ததும் வெட்டிவிடுங்கள். நமக்கு இலைதான் வேலை, காய் தேவையில்லை. காய்க்க விட்டால் இலை முற்றியும் போகும்.

இதோடு, பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியை இழுக்கும், புரொடீனியாவுக்கான இனக்கவர்ச்சிப் பொறியும் வைத்தால் எப்போது தாய்ப்பூச்சி நடமாட்டம் கூடுகிறது என்று தெரிந்துவிடும். ஏக்கருக்கு 5 பொறி என்பது பரிந்துரை. 10, 20 சென்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று போதும். அதில் ஆண் பூச்சி மட்டும்தான் விழும், ஆகவே அதை நம்பிச் சும்மா இருக்க முடியாது. மழை விட்ட ஒரு வாரத்தில் பொறியில் திடீரென்று கூட்டம் விழுந்தால், அடுத்த நாலைந்து நாள் ஆமணக்கு இலையைத் தினமும் புரட்டிப் பாருங்கள்.

எதற்கு இது ஆகாது

கீரையில் இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டி உள்ளே இருந்து தின்னும் ஒல்லியான பச்சைப்புழு உண்டு. கீரைக்குள் நடந்தால் காலடியில் குட்டையாகப் பறந்து அடுத்த இலைக்கு அடியில் ஒளியும், பழுப்புச் சிறகில் வெள்ளைக் கோடு போட்ட அந்துப்பூச்சி. அதன் புழுதான். இதற்குக் கவர்ச்சிச் செடி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அதற்கு மிகவும் பிடித்தது நம் கீரையேதான், அதைவிடப் பிடித்ததை எங்கே போய் நடுவது? வரப்பில் தானாக முளைத்த குப்பைக்கீரை, முள்ளிக்கீரை, சாரணைக் களைகளில்தான் அது வாழ்ந்து பெருகுகிறது. அவற்றைக் களையுங்கள். விதைத்த அன்றே பாத்திமேல் கொசுவலை கட்டுங்கள். பிணைந்த இலையைக் கண்டதும் விரலால் நசுக்குங்கள். புழு அதிகமானால் மூன்று நாள் முன்னதாகவே அறுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

தண்டுக்கீரையில் தண்டைக் குடையும் கூன்வண்டும் அப்படித்தான். இளசில் பிடுங்கும் கீரைக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. தண்டுக்காக நாள் கடத்தி விடுபவர்கள், வீங்கிய தண்டைக் கண்டதும் பிடுங்கி எரித்துவிட வேண்டும்.

அசுவினிக்கு ஓரத்தில் தட்டைப்பயறு போடுவது நல்ல பழக்கம், ஆனால் அதைக் கவர்ச்சிப் பயிர் என்று சொல்வது முழுச் சரியில்லை. தட்டைப்பயறில் பிடிப்பது பெரும்பாலும் பயறு வகைகளை விரும்பும் கறுப்பு அசுவினி. அதைத் தின்ன பொறிவண்டு வந்து குடியேறி முட்டையிடும். கோஸிலும் கீரையிலும் அசுவினி வரும்போது பொறிவண்டுப் படை ஏற்கெனவே பக்கத்தில் தயாராக இருக்கும். ஆகவே தட்டைப்பயறில் இருக்கும் கறுப்பு அசுவினியைக் கண்டு மருந்து அடித்துவிடாதீர்கள். பொறிவண்டின் குஞ்சு வண்டு மாதிரியே இருக்காது. கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை போல இருக்கும். அதைப் புழு என்று நினைத்து நசுக்கியவர்கள் நிறையப் பேர்.

மாடித்தோட்டத்தில்

பத்துப் பையில் கோஸோ நூல்கோலோ வைத்தால் இரண்டு பையில் கடுகு. ஒரு பை 15 நாள் முன்பு, இன்னொன்று 25 நாள் கழித்து, கணக்கு மாறாது. பையை நகர்த்த முடிவது மாடியில் பெரிய வசதி. புழு ஏறிய கடுகுப் பையை அப்படியே தூக்கி ஓரமாகக் கொண்டுபோய்த் தட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைக்கலாம். மாடியில் ஆமணக்கு வேண்டாம். பத்துப் பதினைந்து பை கீரைக்கு இலையடியைத் தினமும் காபி குடித்துக்கொண்டே பார்த்துவிடலாம், கம்பளித் துணுக்கு தெரிந்தால் கிள்ளினால் முடிந்தது.

பலிக்கிறதா என்று எப்படித் தெரியும்

வாரம் ஒரு நாள், நோட்டில் இரண்டு எண். வயலில் குறுக்காக நடந்து பத்துக் கடுகில் எத்தனைப் புழு, பத்துக் கோஸில் எத்தனைப் புழு. ஓரத்திலேயே எண்ணாமல் நடுவரையும் போக வேண்டும். கடுகில் 40, கோஸில் 5 என்றால் இழுக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல வந்தால் ஏதோ பிழை: கடுகு முற்றிவிட்டது, இல்லை தண்ணீர் காணாமல் வாடிக் கிடக்கிறது, இல்லை யாரோ கடுகில் வேப்பங்கரைசலை அடித்திருக்கிறார்கள். கடுகுக்கும் கோஸுக்குக் கொடுக்கும் தண்ணீரும் எருவும் கொடுக்க வேண்டும். கவனிக்காமல் விட்ட நோஞ்சான் கடுகை அந்துப்பூச்சி திரும்பிக்கூடப் பார்க்காது. கடுகில் 40, அடுத்த வாரம் 90 என்று ஏறிக்கொண்டே போனால் பிழை செடியில் இல்லை, வாளியில்.

மாசி, பங்குனி, சித்திரை வறட்சியில் வைர முதுகு உச்சத்தில் இருக்கும். மழைக்காலத்தில் குஞ்சுப்புழு அடித்துக்கொண்டு போய்விடும். தெளிப்பு நீர் வசதி இருந்தால் வறட்சிக் காலத்தில் பொழுது சாயும்போது கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். முட்டையிடப் பறக்கும் நேரமும் அதுதான், பூச்சி தடுமாறும், சின்னப் புழுவும் கழுவிப்போகும். இலைப்புள்ளியோ கருப்பு அழுகலோ இருக்கும் வயலில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், நோய் பரவும்.

கருப்பு அழுகல் கடுகுக்கும் வரும். இலை ஓரத்திலிருந்து மஞ்சளாக ஆப்பு வடிவில் காய்ந்துகொண்டு வந்தால், புழு இழுக்கிறதே என்று அந்தக் கடுகை வைத்துக்கொண்டிருக்காமல் பிடுங்கிவிடுங்கள்.

அறுவடை முடிந்த அன்றே கோஸ் கட்டையைப் பிடுங்க வேண்டும். தலையை வெட்டிய கட்டை துளிர்க்கும், அந்தத் துளிரில் புழு அடுத்த நடவுவரை காத்திருக்கும். கடைசிக் கடுகு வரிசையை மட்டும் கட்டை எல்லாம் போன பிறகு ஒரு வாரம் கூடுதலாக நிற்கவிடுவேன். வயலில் மிச்சம் இருக்கும் அந்துப்பூச்சிக்குப் போக அது ஒன்றுதான் இடம். அந்த வாரக் கடைசியில் சாக்கை எடுத்துக்கொண்டு போய் வேரோடு பிடுங்கி அடைத்துவிட்டு, அந்த நிலத்தில் அடுத்ததாக வெங்காயமோ பீன்ஸோ போடுகிறேன்.